சுவாமி அறை மான்தோல்: ஊத்தையும் நெளிவும் எடுத்தது

கையில் எடுத்தது கனகாலம் சுவாமி அறையில் இருக்கையாகக் கிடந்த புள்ளிமான் தோல். ஓரங்கள் சுருண்டு, கழுத்துப் பக்கம் மயிர் திட்டுத்திட்டாகப் போய், விளிம்பில் இரண்டு அங்குலக் கிழிசல்.

முதலில் பார்க்க வேண்டியது பதனிட்ட தோலா, பச்சையாக உலர்த்தியதா என்பது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சைத் தோல் மஞ்சளாய் ஒளி விடும். சுண்டினால் சத்தம் கேட்கும். இது உப்பும் வெயிலும் மட்டும் கண்ட தோல். இதைத் தண்ணீரில் போட்டால் ஊறிக் கொழகொழத்து, மயிர்க்கால் இளகி, பிடித்த இடமெல்லாம் மயிர் கையோடு வரும். படிகாரம் போட்ட தோலையும் நனைக்கக்கூடாது. படிகாரம் கரைந்து போனால், காய்ந்தபின் விறைத்துவிடும்.

சுருண்ட ஓரத்துக்குள் மயிர் மூடிய சின்னச் சின்ன வெறுங்கூடுகள் இருந்தன. தோல் தின்னும் வண்டின் குடம்பி கழற்றிய சட்டை அது. ஆகவே துப்புரவுக்கு முன் குளிர். தோலைப் பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, காற்றை வெளியேற்றி, ரேப்பால் அடைத்து, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை அல்லது அதற்கும் குறைவாக, இரண்டு கிழமை. மீன் வைக்கிற டீப் பிறீசரும் போதும், அடைப்பு இறுக்கமாக இருந்தால். இடையில் கனநேரம் கரண்ட் நின்றால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தோலில் ஈரம் படியும். பிறகு இன்னொரு சுற்று, தப்பிய முட்டைகளுக்காக.

துப்புரவுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பழைய தோல்களில் பூச்சிக்குப் போட்ட ஆசனிக், டீடீடீ போன்ற நஞ்சு இருக்கக்கூடும். சுவாமி அறைத் தோலின் ஊத்தையே தனி: திருநீறு, கற்பூரக் கரி, நெய், குங்குமம். திருநீறு ஈரம் பட்டால் களியாகி மயிரடியில் இறுகும். எனவே இரண்டு அங்குலப் பெயின்ற் பிறஷ்ஷால் மயிர் படிந்த பக்கமாகத் தட்டி, வாய்க்கு நுளம்பு வலை கட்டிய வக்கூம் கிளீனரால் மெல்ல உறிஞ்ச வேண்டும். மான் மயிரின் உள்ளே காற்றறைகள்; எதிர்ப்பக்கம் தேய்த்தால் முறிந்துவிடும். நெய்ப் பிசுக்குக்கு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி, நன்றாகப் பிழிந்த பஞ்சு, மயிர் நுனியில் மட்டும். குங்குமத்தில் ஸ்பிரிட் படவே கூடாது. மஞ்சள் கரைந்து தோல்வரை இறங்கும்.

எண்ணெய் பூசினால் இளகும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பச்சைத் தோலை இளக்காது. சிக்கு மணமும் தூசியும்தான் மிச்சம்.

நெளிவெடுக்க: உள்பக்கத்தில் உலர்ந்த பருத்தித் துணி இரண்டு மடிப்பு, அதன்மேல் பிழிந்த ஈரத்துணி, மேலே பொலித்தீன். அரை மணிக்கொரு தடவை விரலால் பார்த்து, ஓரம் இணங்கியதும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உடனே மட்டை வைத்துக் கிளிப் போட்டு, பலகையும் செங்கல்லும் ஏற்றி, உறிஞ்சுதாளை மாற்றி மாற்றி முழுக்கக் காயவிட்டோம். பாரமின்றிக் காய்ந்தால் தோல் சுருங்கும்போது ஓரம் பழையபடி சுருளும். அயன்பெட்டி, வெயில் இரண்டும் ஆகாது: பழுதான தோல் 40 பாகையிலேயே சுருங்கக்கூடும்.

கிழிசலுக்கு உள்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணி ஒட்டு. கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, காய்ச்சி வடித்த பசை. மெல்லிசாக, உடனே பாரம். கூடப் பூசினால் ஈரம் தோலை நெளிய வைக்கும், பூச்சிக்கும் தீனியாகும். சுப்பர் குளூ கல்லாக இறுகி, பக்கத்தில் புதுக் கிழிசல் போடும். மயிர் போன இடத்தை அப்படியே விட்டோம். அது திரும்ப முளைக்காது. வேறு மயிர் ஒட்டினால் தனியாகத் தெரியும். வேறு தோல் வாங்கி ஒட்டுப்போடும் யோசனையே வேண்டாம்: மான்தோல் வாங்குவதும் விற்பதும் இலங்கையின் 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்தில் மாட்டும்.

இந்த வேலையெல்லாம் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களுக்கு. ஐப்பசி தொடங்கினால் ஈரப்பதன் கூடி, பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு முன் மயிர் வெளிப்பக்கமாக, துணி சுற்றிய ஆறங்குல பீவீசி குழாயில் சுருட்டி, கஞ்சி போடாத பழைய வேட்டியால் மூடி, சுவரில் முட்டாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தோம். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். மாரியில் மாதமொரு தடவை பிரித்து, குழாய்க்குக் கீழே பழுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மறுபடி பிறீசர்.