எந்த நாளின் எண்டர்பிரைஸ்?

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்ன எண்டர்பிரைஸ் பல வருஷமாக நிற்கிறது. ஸ்டார் ட்ரெக் தொடரின் விண்கப்பல். ஒரு முழம்கூட இருக்காது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் மாடலின் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பக்கத் தட்டின் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய பேனாவால் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நிழல் அடித்து, வரி பிசகாமல் செய்தேன். அசலைப் பார்த்துச் செய்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் காப்பி அடித்தது தொடர் வந்த 1966-ஐ அல்ல, 1991-ஐ. அந்த வருஷம் தொடங்கிய சீரமைப்பில் புதிதாகப் பூசிய பெயிண்டைத்தான் அவ்வளவு பக்தியோடு வரைந்திருக்கிறேன்.

அந்தக் கடுப்பில்தான் இந்தத் தடவை பெரிய கிட் வாங்கினேன், பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பெட்டி. 1/350 அளவு, செய்து முடித்தால் முப்பத்திரண்டரை அங்குலம். பெட்டியைத் திறந்ததும் முதல் குழப்பம். உச்சிக் குமிழ் ஒன்றுக்கு மேல், முன்பக்க டிஷ் ஒன்றுக்கு மேல், என்ஜின் குழாய்களின் முனைக்கும் வாலுக்கும் விதவிதமாகத் துண்டுகள். முதல் பைலட் (தொடருக்கு முன்னால் எடுத்துப் பார்க்கும் சோதனை எபிசோடு), இரண்டாம் பைலட், தொடர் என்று மூன்று கப்பலுக்கான பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்காமல் பசை பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாது.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் பார்த்த கப்பல்தான் எனக்கு வேண்டும். ஆனால் அதுவே ஒரு கப்பல் இல்லை என்பது எபிசோடுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு காட்சியில் என்ஜின் முனையில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதே எபிசோடில் இன்னொரு காட்சியில் ஊசியைக் காணோம், குமிழுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் சுழல்கிறது. பைலட்டுக்கு எடுத்த படச்சுருளைத் தொடர் முழுக்க மறுபடி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கப்பல் பறக்கும் காட்சியை எடுத்து, நட்சத்திரங்களோடு சேர்த்து அச்சிடுவதற்குள் காசும் நாளும் கரைந்துவிடும் காலம் அது. கையில் இருந்ததைத் திரும்பப் போட்டார்கள்.

சரி, அசலின் ஜாதகத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். அவர் வரைபடத்தை வைத்து ரிச்சர்ட் டாட்டின் முதலில் 33 அங்குல மர மாடல் ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்துச் சம்மதம் கிடைத்த பிறகு பெரியது: 11 அடி 2 அங்குலம், ஏறத்தாழ 90 கிலோ. பாப்லர் மரம், அச்சில் உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக், உருட்டிய தகரக் குழாய். பர்பாங்க் நகரில் ஒரு மாடல் பட்டறையில் டாட்டினும் மற்றவர்களும் செய்து, 1964 டிசம்பர் 29-ல் ஒப்படைத்தார்கள். அன்றைக்கு அதற்குள் ஒரு விளக்குகூடக் கிடையாது. ஜன்னல்கள் வெறும் பெயிண்ட். முன்பக்க டிஷ் பெரியது, உச்சிக் குமிழ் உயரமானது, என்ஜின் முனைகள் ஊசி குத்திய கெட்டிக் குமிழ்கள்.

1965-ல் இரண்டாம் பைலட்டுக்காக ஜன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வந்தது. என்ஜின் வாலில் சிறு துளைகள் வந்தன. 1966-ல் தொடர் உறுதியானதும் கத்தி முழுசாக விழுந்தது. டிஷ்ஷைச் சிறிதாக்கினார்கள், உச்சிக் குமிழைத் தாழ்த்தினார்கள், வாலில் துளை போய் உருண்டை வந்தது, ஊசி போய்ச் சுழலும் விளக்கு வந்தது. கிட்டில் கிடந்த மூன்று வகைத் துண்டுகளையும் மேசையில் இந்த வரிசைப்படி அடுக்கி வைத்தேன். தறுதலையாகக் கிடந்தவை ஒரு குடும்பப் படம் மாதிரி ஆகிவிட்டன.

என் கிட்டின் அளவு அந்த முதல் 33 அங்குல மர மாடலின் அளவேதான் கிட்டத்தட்ட. அந்தச் சின்ன மாடலுக்குத் தனிக் கதை. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மேசையில் இருந்தது, எழுபதுகளின் கடைசியில் யாருக்கோ இரவல் போனது, திரும்பவில்லை. 2023-ல் திடீரென்று ஈபேயில் ஆயிரம் டாலர் ஆரம்ப விலைக்கு முளைத்தது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துப் பதறியதும் விற்பனை நிறுத்தப்பட்டு, 2024 ஏப்ரலில் அவர் மகனிடம் போய்ச் சேர்ந்தது. இரவல் கொடுத்த புத்தகமே திரும்பி வராத ஊரில் இருக்கும் எனக்கு இது நம்ப முடியாத அதிசயம்.

பெரிய மாடல் 1974-ல் ஸ்மித்சோனியனுக்குப் போனது. போகும்போதே டிஷ்ஷும் என்ஜின் முனைக் குமிழ்களும் அதில் இல்லை. 1974-ல் ஒரு சீரமைப்பு, 1984-ல் ஒன்று, 1991-ல் ஒன்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பெயிண்ட், கொஞ்சம் யூகம். 2000-க்குப் பிறகு அருங்காட்சியகத்தின் பரிசுப் பொருள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நான் பார்த்து ஏமாந்த படங்கள் அங்கே எடுத்தவைதான். 2014-ல் கீழே இறக்கி, எக்ஸ்ரே எடுத்து, புறஊதா வெளிச்சத்தில் பார்த்து, பெயிண்டை அடுக்கடுக்காகத் தேய்த்துப் படித்தார்கள். 1976-க்கு முன்னால் யாராவது நேரில் எடுத்த படம் வைத்திருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடமும் கேட்டார்கள். 2016 ஜூலையில் மறுபடி காட்சிக்கு வைத்தபோது அது 1967 ஆகஸ்டில் இருந்த தோற்றத்துக்குத் திரும்பியிருந்தது. நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சேர்ந்ததையெல்லாம் கழிப்பது என்ற அந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன்: தொடருக்காக மாற்றிய கப்பல், அதற்குப் பின்னால் வந்த எதுவும் கிடையாது.

முதல் சண்டை தட்டோடு. அசலில் தட்டின் மேல்பக்கம் மட்டும் எல்லாச் சீரமைப்பிலும் தப்பித்து, அறுபதுகளின் பெயிண்டோடு இன்னும் இருக்கிறது. அதில் இருக்கும் கட்டங்கள் பென்சில் கோடுகள். கேமராவுக்கே சரியாகத் தெரியாத அளவு மெல்லியவை. என் கிட்டிலோ அந்தக் கோடுகள் பள்ளமாகவே வெட்டியிருந்தன. பள்ளத்தில் நிழல் விழும், பென்சில் கோட்டில் விழாது. அதனால் மொத்தக் கோடுகளையும் அடைக்க வேண்டியதாயிற்று.

பெரிய தோசைக்கல் அளவுத் தட்டு. முதல் நாள் பட்டியை அள்ளிப் பூசினேன், காய்ந்ததும் பள்ளத்துக்குள் சுருங்கி மறுபடி கோடு தெரிந்தது. இரண்டாம் தடவை பட்டியைத் தின்னரில் கொஞ்சம் இளக்கி, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் கோட்டுக்குக் குறுக்கே இழுத்தேன். கோட்டோடு இழுத்தால் பட்டி கூடவே வந்துவிடுகிறது, குறுக்கே இழுத்தால் நிற்கிறது. 400, 800, 1200 என்று உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நாலு ராத்திரி. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. கடைசியாக ஒரே ஒரு கோடு, தட்டின் பின்பக்கம், நகம் மட்டும் தட்டுப்படும் அளவுக்கு மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அவ்வளவு கஷ்டப்பட்டு அழித்த கோடுகளை, பெயிண்ட் அடித்த பிறகு பென்சிலால் மறுபடி வரைய வேண்டும் என்பதுதான் வேடிக்கை. வட்டக் கோடுகளுக்கு நடுவில் ஒரு குண்டூசி, அதிலிருந்து துளை போட்ட ஐஸ் குச்சி, துளையில் பென்சில் முனை. ஆரக் கோடுகளுக்கு இரும்பு ஸ்கேல். எச்பி பென்சில் பளபளத்தது, 2எச் பென்சில் பெயிண்டையே கீறியது. எச் சரியாக வந்தது. மேலே மேட் வார்னிஷ் அடித்ததும் பாதி கோடு மறைந்துவிட்டது. பதறிவிட்டேன். பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த நிலைதான் சரி என்று பட்டது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிவியில் சில காட்சிகளில் நீலமாகவும் சிலவற்றில் வெள்ளையாகவும் தெரியும் கப்பல், கையில் பார்த்தால் வெளிர் சாம்பல். நீலத்திரைக்கு முன் எடுத்து, பலமுறை பிரதி எடுத்த படச்சுருளின் வேலை அது. நான் சாம்பலில் ஒரு துளி பச்சை சேர்த்தேன். ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்ததால் முதல் பூச்சு பால் கொட்டியதுபோல் வெளுத்துப் போனது. ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் அடித்தேன். தேய்த்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன்.

காத்திருந்த மாதத்தில் என்ஜின் முனைகள். இப்போதெல்லாம் எல்இடி விளக்குகளை வட்டமாக வைத்து, சின்ன சர்க்யூட்டால் ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டு, சுழல்வதுபோல் காட்டிவிடுகிறார்கள். 1966-ல் செய்தது அதைவிட அழகான ஏமாற்று வேலை. குமிழுக்குள் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குப் போடும் மினுமினுப்பு பல்புகள், அதாவது நம் சீரியல் லைட். கூடவே கண்ணாடித் துண்டுகள். இவற்றுக்கு முன்னால் மோட்டாரில் சுழலும் விசிறி. வெளிக்குமிழ் மங்கலாக இருப்பதால் விசிறியின் இறக்கை தெரியாது, வெளிச்சம் பிசைந்துகொண்டு ஓடுவதுதான் தெரியும். எனக்கு விசிறிதான் வேண்டும் என்று பிடிவாதம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் சின்ன மோட்டார் கேட்டேன்.

"எதுக்கு சார், ஃபேனுக்கா?"

"கப்பலுக்கு."

"தண்ணியில போறதா?"

"இல்லைண்ணே, சும்மா நிக்கிறது."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பொம்மைக் கார் மோட்டார் இரண்டை எடுத்துப் போட்டார். வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் கப்பல் மிக்ஸி மாதிரி அலறியது. சுழற்சி தெரியவே இல்லை, ஆரஞ்சு மூட்டம் மட்டும்தான். மறுநாள் போய்ப் பல்சக்கரம் வைத்த மெதுவான மோட்டார் வாங்கி வந்தேன். அசைவு வந்துவிட்டது. ஆனால் அதிர்வு தூண் வழியாக உடம்புக்கு இறங்கி, கப்பலே லேசாக நடுங்கியது. மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிச் செருகிய பிறகுதான் அடங்கியது. விசிறி இறக்கைக்கு மருந்து அட்டையின் அலுமினியத் தாள். கண்ணாடித் துண்டுக்குப் பதில் உடைந்த சிடி, ஆனால் அது வானவில் காட்டித் தொலைத்ததால் பிடுங்கிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் சில்லுகளையே ஒட்டினேன். விரலில் இரண்டு வெட்டு.

கடைசியாக நான் ரொம்ப நாள் தள்ளிப்போட்ட முடிவு, இடது பக்கம். அசல் மாடலின் இடது பக்கத்தை முழுசாகச் செய்யவே இல்லை. விளக்குக்கான வயர்கள் அந்தப் பக்கம்தான் உடம்புக்கு வெளியே தொங்கும். கேமரா எப்போதும் வலது பக்கமே நின்றது. கப்பல் மறுதிசையில் போக வேண்டும் என்றால் எழுத்துகளையும் எண்களையும் கண்ணாடி பிம்பம்போல் ஒட்டிப் படம் பிடித்து, படத்தை அப்படியே திருப்பிப் போட்டார்கள். கிட்டில் இரண்டு பக்கத்துக்கும் முழு ஜன்னல், முழு எண் இருக்கிறது. கதைக்குள் பறக்கும் கப்பலைச் செய்கிறேனா, ஸ்டூடியோவில் கம்பத்தின் மேல் நின்ற பொருளைச் செய்கிறேனா?

இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். இடது பக்க ஜன்னல்களைப் பட்டி வைத்து அடைத்தேன். தட்டுக்குக் கீழே இருக்கும் உருளை உடம்பின் பக்கவாட்டில் துளை போட்டு எல்லா வயரையும் அங்கே வெளியே எடுத்து, டேப்பால் ஒட்டி, மின்சாரப் பெட்டிக்கு இறக்கினேன். கப்பலின் எண்ணான என்சிசி-1701 வலது பக்கம் மட்டும்.

போன வாரம் ஹால் அலமாரியில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். மகள் வலது பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பக்கம் பாதியில விட்டுட்டீங்களே?"

"அவங்களும் அப்படித்தாம்மா விட்டாங்க."

"அவங்க சோம்பேறி, சரி. நீங்க ஏன்?"

இதற்கு என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு இடது பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். மேல்தட்டில் இருந்த பழைய சின்னக் கப்பலை எறிய மனம் வரவில்லை. அதன் அடியில் '1991' என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டியாயிற்று.