காய்ச்சல் வராத வீட்டுக்கும் போக வேண்டும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில் உள்ளே திரும்பினால் வரும் ஒரு தோட்டப் பட்டணம் எங்களுடையது. சுற்றிலும் இருந்த பால்மரக் காடுகளில் பெரும்பாலானவை செம்பனையாகிவிட்டன. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த நாங்களும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியின் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டோம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அறிவியல் என்றால் மனப்பாடம்தான். "வைட்டமின் பி1 குறைந்தால் பெரிபெரி வரும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிழையில்லாமல் எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. அந்த வரியின் வரலாற்றில் எங்கள் வீட்டு உலைக்கும் பங்கு உண்டு என்பதை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களைவிட வசதியாக வாழ்ந்தார்கள் என்று எவ்வகையிலும் சொல்ல முடியாத தோட்டத் தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. ஆனால் அன்றைக்கு வைட்டமின் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

அவருடைய கருத்தைச் சோதித்தவர்களில் ஒருவர் பிளெட்சர் என்ற மருத்துவர். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை எண்ணி, ஒற்றைப்படை எண் விழுந்தவர்களுக்கு ஓர் அரிசியும் இரட்டைப்படை எண் விழுந்தவர்களுக்கு மற்றோர் அரிசியும் கொடுக்கச் செய்தார். நோய் இடத்தினால் வருகிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் வைத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. நோயாளிகளை அப்படி வைத்துச் சோதிப்பதை இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அந்தப் பதினெட்டுப் பேரை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் அவசரத்தில் புழுங்கல் அரிசி உலையை இறக்கி, கஞ்சியை வடித்துச் சட்டியில் எடுத்து வைப்பார். அந்த வாசனை எங்கள் லயம் முழுவதும் இருக்கும். பெரிபெரி வரியை மனப்பாடம் செய்த அன்று காலையிலும் நான் அந்தக் கஞ்சியைத்தான் குடித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டையும் இணைத்துச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

பிராடன் கேட்ட கேள்வி எளியது: நோய் யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை? அறிவியல் கல்வி பொதுவாழ்வுக்குத் தரக்கூடியவற்றில் இந்தக் கேள்விதான் முதன்மையானது என்று நான் நம்புகிறேன். இதைக் கேட்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாநிலமே பார்த்திருக்கிறது. 1998இல் பேராக்கில் தொடங்கி, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புக்கிட் பெலாண்டோக்குக்குப் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். தடுப்பூசி போட்டார்கள், புகையடித்தார்கள், சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த, வளர்ந்த ஆண்கள். அதே கொசுக்கள் கடித்திருக்கக்கூடிய அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களுக்கு நோய் வரவில்லை. இந்தப் பொருந்தாமையைச் சிலர் விடாமல் சுட்டிக்காட்டினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா எனப்பட்ட அந்த வைரஸால் நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள்.

மேல்நிலையில் அறுபது விழுக்காட்டு மாணவர்கள் அறிவியல் துறைக்குப் போக வேண்டும் என்ற இலக்கு 1970 முதல் இருக்கிறது, இன்னும் எட்டவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அறிவியல் படித்தவர்களே தாமானுக்குத் திரும்பியதும் இந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

சென்ற மாதம் எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில் டிங்கி (டெங்கு) காய்ச்சல் வந்தது. லோங்காங் சாக்கடைதான் காரணம் என்று கூட்டத்தில் முடிவாகி, புகையடிக்கச் சொல்லி மனு எழுதினார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த, தேங்கிய நீரில்தான் முட்டையிடும். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், நீரிலுள்ள புழுவைக் கொல்லாது. இதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள், ஆனால் மனுவை மாற்றவில்லை. எனவே அடுத்த சனிக்கிழமை தாமான் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காய்ச்சல் வந்த நான்கு வீடுகளோடு, வராத எட்டு வீடுகளையும் பார்த்தோம்.

பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னால் இருக்கும் நீர்த்தட்டு, துளசி மாடத்தின் அருகே இருந்த பித்தளைச் சொம்பு என்று ஒவ்வொன்றிலும் கைவிளக்கை அடித்தோம். சொம்பில் ஒளி பட்டதும் மேலே தொங்கிய புழுக்கள் நெளிந்து அடிக்கு ஓடின. அந்த வீட்டு அக்கா நீரைக் கொட்டிச் சொம்பைக் கவிழ்க்கப் போனார். "தேய்ச்சிக் கழுவுங்க அக்கா. முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது" என்றாள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. அவர் உடனே நாரை எடுத்து வந்தார்.

காய்ச்சல் வந்த வீடுகளில் மூன்றில் புழு இருந்தது. வராத வீடுகளில் ஐந்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கொசு வீட்டுச் சுவருக்குள் நிற்பதில்லை என்றும், பன்னிரண்டு வீடுகளை ஒரே ஒரு நாள் பார்த்துக் காரணம் சொல்லிவிட முடியாது என்றும் நான் விளக்கினேன். அப்படியானால் எத்தனை வீடுகள் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். தாமானில் மொத்தம் 84 வீடுகள் இருக்கின்றன. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் தவறாமல் போவதாக நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.