அம்மச்சியின் முறுக்கான் பெட்டி

மார்த்தாண்டத்து வீட்டை ஒதுக்கும்போது அம்மச்சியின் முறுக்கான் பெட்டி, அதாவது வெற்றிலைப் பெட்டி, கிடைத்தது. உள்ளே பாக்குவெட்டியும் சுண்ணாம்பு காய்ந்த டப்பாவும். மூட மனசு வரவில்லை.

அம்மச்சிக்கு வந்தது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். முதலில் ஒரு வெள்ளைத் திட்டு, பிறகு ஆறாத புண். "சுண்ணாம்பு கூடிப்போச்சு மக்ளே, அதான் வெந்திருக்கு" என்பாள். நாங்களும் நம்பினோம். வாய் திறக்கவே கஷ்டப்பட்ட பிறகுதான் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

"நான் போயிலை வைக்கமாட்டேன், வெறும் பாக்குதான்" என்கிறவர்கள் நம்மூரில் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கு, கன்னத்துச் சதையை நார்போல இறுக்கும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

சாப்பாட்டில் நமக்கு என்ன குறை? மீன், முருங்கைக்கீரை, சக்கை (பலாப்பழம்), விதவிதமான வாழைப்பழம். பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள். சாசேஜ் மாதிரி பதப்படுத்திய இறைச்சி, குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அதே முகமை 2015-ல் அறிவித்தது.

வீட்டில் வெற்றிலை பாக்கு முறுக்குகிற பெரியவர்கள் இருந்தால் இன்று ராத்திரியே டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு தெரிந்தாலும், புண் இரண்டு வாரம் தாண்டி ஆறாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள். துணைக்கு ஆளில்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.