நங்கநல்லூர் வீட்டுக்கு ஒரு வெயில் கணக்கு

மேற்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் போட்டால் கோடை மாலையைச் சமாளிக்கலாம் என்றார் மேஸ்திரி. சிமெண்டில் செலவழிக்கும் முன் கணினியில் பார்த்துவிடலாம் என்று ஸ்வீட் ஹோம் 3டி-யில் வீட்டை வரைந்தேன். இலவச மென்பொருள். டேப் பிடித்து அளந்து சுவர், ஜன்னல், மாடித் தொட்டி எல்லாம் வைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பிளானில் இருக்கும் திசைகாட்டியில் சென்னையின் இடத்தைக் கொடுத்தேன்: அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. வெயிலும் நிழலும் படமாக எடுக்கும்போதுதான் வரும், அதுவும் நான்கு தரப் படிகளில் மேல் இரண்டில்தான் தேதியும் நேரமும் கொடுக்க முடியும்.

முதல் படத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். காலை ஒன்பது மணி. தொட்டியின் நிழல் படத்தில் ஒரு பக்கம், தரையில் வேறு பக்கம். அப்பா காலத்திலிருந்து "தெற்குப் பார்த்த மனை" என்றே சொல்லி வந்ததால், பிளானின் மேல்பக்கத்தை வடக்கு என்று வைத்திருந்தேன். தப்பு அங்கேதான். போன் திசைகாட்டியோ கிரில் பக்கம் போனால் ஒன்று, நகர்ந்தால் இன்னொன்று காட்டியது.

அதனால் சூரியனையே கேட்டேன். மார்ச் 14, துணிக்கம்பியில் கயிறு கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். மார்ச்சில் உச்சிப்பொழுதில் நிழல் நேர் வடக்கே விழும். ஆனால் சென்னைக்கு உச்சிப்பொழுது கடிகாரப் பன்னிரண்டு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருப்பதால் ஒன்பது நிமிடம் தாமதம். சூரியனின் வேகமும் ஆண்டு முழுக்க ஒரே சீராக இல்லாததால் மார்ச் நடுவில் இன்னொரு ஒன்பது. ஆக 12:18. அந்த நிமிடம் கயிற்றின் நிழல் விழுந்த கோட்டைச் சாக்பீஸால் நீட்டினேன். அதுதான் அசல் வடக்கு. பக்கச் சுவரிலிருந்து அது 10 அடிக்கு மூன்றேகால் அடி விலகியது, அதாவது 18 டிகிரி. வீடு தெற்கிலிருந்து அவ்வளவு மேற்கே திரும்பியிருக்கிறது.

திருத்தியதும் தொட்டி நிழல் தட்டோட்டு வரிசையோடு அப்படியே பொருந்தியது. ஏப்ரல் 24, சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாளில் இன்னொரு சோதனை: 12:07-க்கு நிறுத்தி வைத்த பிவிசி குழாயின் நிழல் காலடியிலேயே மறைந்தது. படத்திலும் அப்படியே. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் ஜூன் 21, காலை எட்டரை என்று கொடுத்தேன். வடக்கு ஜன்னல் வழியாக அடுப்பங்கரைக்குள் வெயில்! வடக்கில் வெயிலே வராது என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 18 வரை சென்னையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான். படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "ஆனி மாசம் காலையில இங்க நின்னு சமைக்க முடியலைன்னு வருஷா வருஷம் சொல்றேனே" என்றார். அந்த ஜன்னலுக்கு வெளியே பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றப் போகிறேன்.

சரி, சன்ஷேட். மே 15, மாலை நான்கு மணிக்கு இரண்டடி சன்ஷேட் ஜன்னலில் மறைப்பது மேலே சுமார் 16 அங்குலம். ஐந்து மணிக்கு 8 அங்குலம்தான். நான்கடி ஜன்னலில் மீதியெல்லாம் வெயில். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலுக்குக் கூரை போதாது, எதிரே திரை வேண்டும். மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி வாங்கினேன்.

இப்போது எதிர்வீட்டில் மேலே கட்டப் போகிறார்கள். எங்கள் மாடியைவிட 20 அடி உயரும். ஒரு பெட்டியாக வரைந்து டிசம்பர் 21 வைத்துப் பார்த்தேன். நண்பகலில் நிழல் 15 அடி, 20 அடித் தெருவோடு நின்றுவிடுகிறது. நான்கு மணிக்குத் தெருவைத் தாண்டி எங்கள் மாடியின் கிழக்குப் பாதிக்கு வருகிறது. தக்காளித் தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. ஐப்பசிக்குள் அவற்றை மேற்கு மூலைக்கு மாற்ற வேண்டும்.