மங்கிப்போன அலாய் வீல்: பளபளப்பு பாலிஷில் இல்லை, தாளில் இருக்கிறது

வீல் மங்கிவிட்டது என்றதும் கை முதலில் போவது பாலிஷ் டப்பாவுக்குத்தான். ஆனால் பெரும்பாலான அலாய் வீல்களில் மங்கியிருப்பது அலுமினியம் இல்லை, அதன் மேல் கம்பெனியில் அடித்த க்ளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்துப் போகிறதே, அதே கதைதான். அந்தக் கோட்டின் மேல் எவ்வளவு பாலிஷ் தேய்த்தாலும் அடியில் இருக்கும் உலோகத்துக்கு அது தெரியவே தெரியாது.

எது மங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். வெள்ளைத் துணியில் கடலை அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்க்க வேண்டும். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். நேராகப் பாலிஷுக்குப் போகலாம். துணி அழுக்கானதே தவிரக் கறுக்கவில்லை என்றால் மேலே கோட் இருக்கிறது. கண்ணாடி மாதிரி லேசான நீலச் சாயலோடு மின்னி, ஓரத்தில் தகடாக உரிந்தால் அது குரோம். அதில் உப்புத்தாளே வைக்கக் கூடாது.

இங்கே சொல்வது 15 அங்குல, ஐந்து ஸ்போக், மெஷின் கட் வீலுக்கான வேலை. ஸ்போக்கின் முகம் லேத்தில் சீவிய வெறும் அலுமினியம், மேலே க்ளியர் கோட். ஸ்போக்குகளுக்கு இடையிலுள்ள குழிகளில் கறுப்புப் பெயின்ட். கல் தெறித்த இடத்தில் கோட் விரிந்து, ஈரம் உள்ளே போய், அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். முழுக்க வெள்ளிப் பெயின்ட் அடித்த வீலில் இதைச் செய்து புண்ணியமில்லை. அடியில் வார்ப்பின் சொரசொரப்புதான் இருக்கும், அதைக் கண்ணாடியாக்க நாள் கணக்கில் தேய்க்க வேண்டும்.

வீலைக் கழற்றி, சூடு ஆறிய பிறகு ஷாம்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிரேக் தூள் இரும்பு. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறத்தில் வழியும், நாற்றமும் கொஞ்சம் குமட்டும். ஊதா வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை. சில வாட்டர் வாஷ் கடைகளில் ஊற்றும் ஆசிட்டோ, வீட்டிலிருக்கும் காஸ்டிக் சோடாவோ பக்கத்தில் வரக் கூடாது. குக்கரின் உள்பக்கம் கறுக்காமலிருக்கத் தண்ணீரில் புளி போடுகிறோம். காரம் (மிளகாய்க் காரமில்லை, ஆல்கலி) அலுமினியத்தைக் கறுக்க வைக்கும் என்பது நம் சமையலறைக்குத் தெரிந்ததுதான். வீரியமான ஆசிட் வேறு மாதிரிக் கெடுக்கும்: மேற்பரப்பை அரித்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்துவிடும்.

கோட்டை எடுக்க இரண்டு வழி. பெயின்ட் ரிமூவரைக் கெட்டியாகப் பூசி, பாலிதீன் மூடி, 15-20 நிமிடம் விட்டால் சுருங்கி எழும்பும். வேகமான வழிதான், ஆனால் குழியிலுள்ள கறுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மெல்லிய நைட்ரைல் கையுறையையும் விடாது. கறுப்பு நிலைக்க வேண்டுமென்றால் குழி ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, 320 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட மணல் நைஸாகும்) ஈரமாகத் தேய்ப்பதே நல்லது. தட்டையான இடத்தில் தாளைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தினால் விரலின் பள்ளம் அப்படியே விழும், பளபளப்பு வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

தேய்க்கும்போது வழியும் நீரைக் கவனிக்க வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் இன்னும் கோட். சாம்பல் நிறமாக மாறினால் உலோகம் வந்தாயிற்று. வெள்ளையும் சாம்பலும் கலந்து வரும்போது அவசரப்பட்டு அடுத்த தாளுக்குப் போனால், கோட்டின் மிச்சம் கடைசியில் தீவு தீவாகத் தெரியும். புழுத்தடங்கள் சின்னக் குழிகள். அவற்றுக்கு மட்டும் 240. அந்தக் குழியையே குடையாமல், சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குச் சேர்த்து இறக்க வேண்டும். லேத் விட்ட மெல்லிய வரிகளும் இதில் போய்விடும். அந்த வரிகள்தான் அழகு என்பவர்கள், லேத்தில் திரும்பச் சீவித் தரும் டைமண்ட் கட் கடைக்குப் போவதே சரி.

பிறகு 400, 600, 800, 1000, 1500, 2000. ஒரு வீலுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு தாள், நான்காக வெட்டியது. வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரு தாளில் நேராகத் தேய்த்தால் அடுத்ததில் குறுக்காக. முந்தைய கோடுகள் முழுக்க மறைந்தால்தான் அடுத்தது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஈரமாக இருக்கும்போது எல்லா வீலும் கண்ணாடிதான். துடைத்து உலர வைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் 400-இன் கோடு 1000-க்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பாலிஷ் எடுக்காது, பளபளக்கும் கீறலாக மாற்றும். திரும்ப 600-க்குப் போவதுதான் வழி. தாள் மாற்றும்போதெல்லாம் தண்ணீரையும் மாற்ற வேண்டும். வாளியடியில் தங்கிய ஒரே ஒரு 320 மணல் போதும், அரைமணி நேர வேலையைக் கெடுக்க.

பஃப் அடிக்க, அதாவது சுழலும் துணிச் சக்கரத்தால் மெருகேற்ற, 4 அங்குலக் காட்டன் பஃபும், 2,000-2,800 ஆர்பிஎம் ட்ரில்லும் போதும். ஆங்கிள் கிரைண்டர் 11,000-க்கு மேல் சுற்றும். உலோகம் சுட்டு நிறம் மாறும். பழுப்பு சோப் (பஃபில் தடவும் மெருகுக் கட்டி) முதலில், வெள்ளை சோப் பிறகு, இரண்டுக்கும் தனித்தனி பஃப். சுழலும் பஃபில் சோப்பை ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும், அதிகமானால் கறுப்புக் கோடாக ஒட்டிக்கொள்ளும். ஸ்போக்கின் விளிம்பில் பஃப் வெளியே போகிற திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்து மாட்டினால் ட்ரில் மணிக்கட்டைத் திருகிவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். இரும்பு சாணை பிடிக்கிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது, அலுமினியத் தூளில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். ஸ்டீல் பிரஷ்ஷும் வேண்டாம். அதன் துகள் பதிந்து பின்னால் துருப்புள்ளியாக எழும்பும்.

கடைசியாக மெட்டல் பாலிஷைக் கையால், பனியன் துணியில். கறுப்பு வந்ததும் காயவிடாமல் துடைத்து, மேலே ஒரு கை மைதாவைத் தூவி வேறு சுத்தமான துணியால் தேய்த்தால், கண்ணுக்குப் படாமல் மங்கலாக நிற்கும் எண்ணெய்ப் படலம் மாவோடு வந்துவிடும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பஃப் அடித்ததற்கும் இதற்கும் நடுவே வித்தியாசம் தெரியும். முதல் வீலுக்கு ஒரு நாள் ஓடிவிடும்.

மறுபடி க்ளியர் கோட் அடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கண்ணாடி மாதிரி வழுவழுத்த உலோகத்தில் கோட்டுக்குப் பிடிமானம் இல்லை, சீக்கிரமே உரியத் தொடங்கும். கோட் வேண்டுமென்றால் 600-உடன் நிறுத்தி, பட்டு மாதிரி மினுமினுப்போடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடிதான் வேண்டுமென்றால் வெறுமனே விட்டு, வாக்ஸோ சீலன்டோ பூசி, இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை கையால் பாலிஷ். ஈசிஆர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு ஒரு மாதத்திலேயே பூக்க ஆரம்பிக்கும்; அவர்களுக்குக் கோட்தான் சரி.

நட் உட்காரும் கூம்பு வடிவத் துளையிலும், ஹப்பில் ஒட்டும் பின்முகத்திலும் தாளோ பஃபோ கோட்டோ படக் கூடாது. பேலன்ஸ் வெயிட் ஒன்று பிய்ந்திருந்தாலும் மறு பேலன்சிங். நட்டுகளை நட்சத்திர வரிசையில், கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் அதே டார்க்கில் திரும்ப ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.