மூன்றாவது படி

மும்பை தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. எங்கள் சந்துக்கு ஆட்கள் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போன அன்றுதான், இடிக்கும் முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் இரண்டு ஞாயிறும் நன்றாகத்தான் போயின. 1887-இல் தொடங்கிய படீ மஸ்ஜித் பள்ளிவாசல், 1913-இல் கட்டிய கணேசர் கோயில், குயவர்கள் வாழும் கும்பார்வாடாவின் சூளைப் புகை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மனசு ஒட்டவில்லை. கேமராவோடு வருகிற எல்லாரும் இவற்றை எடுத்துவிட்டார்கள். நான் வளர்ந்த சந்து ஒரு படத்தில்கூட இல்லை.

சரி, சந்துக்குள் போனேன். எதிரே ஒருவர் வந்தால் உடம்பைத் திருப்பி நிற்க வேண்டிய அகலம். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைதான் வெயில் தரையைத் தொடும். அகல லென்ஸில் எடுத்தால் சுவர் வளைகிறது. சந்து முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நீல டிரம், குழாய் வாயில் கட்டிய துணி, தலைக்கு மேல் சிக்கிக் கிடக்கும் ஒயர், மேல் வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி என்று துண்டு துண்டாக எடுத்தேன்.

ஏணியிடம்தான் மாட்டிக்கொண்டேன். மேலிருந்து ஒரு அக்கா கத்தினார்: "எதுக்கு தம்பி எடுக்க? மாடி வீடுன்னு எழுதிட்டுப் போகவா?"

அவர் பயம் நியாயமானது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீடு என்றால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசமாகக் கிடைக்கும். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான், அதுவும் பணம் கட்டி. அந்த ஏணி அவர்களுக்கு வெறும் ஏணி இல்லை. முதலில் பேசாமல் போனை நீட்டியது என் தப்பு.

அப்புறம் ஒரு மாதம் போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. டீ குடித்தேன், பேசினேன். ஒத்துக்கொண்டவர்களை மட்டும் எடுத்து, அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். முகமும் கதவு எண்ணும் ஒரே படத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும்.

பிரிண்ட்களைப் பார்த்த பிறகு அந்த அக்காவே என்னைக் கூப்பிட்டார். "மூணாவது படியை எடு தம்பி. பிள்ளைக்குக் கால் வழுக்கும்னு அவுக அப்பா சைக்கிள் டியூப் சுத்துனது." கறுப்பு டியூப் தேய்ந்து பளபளவென்றிருந்தது. இத்தனை வருசம் அந்தப் பக்கம் நடந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. குனிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆறு படம் எடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு படத்தோடும் தேதி, சந்து, யார் சொன்னது என்று எழுதி இரண்டு இடத்தில் சேமிக்கிறேன். விடியற்காலைத் தண்ணீர் வரிசை மட்டும் பாக்கி. அந்த இருட்டில் படம் ஆடிப்போகிறது. வரும் ஞாயிறு, குடத்தோடு வருகிற பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.