அந்த ஒரு பாட்டு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம்

'சூரியவம்சம்' வந்த 1997-இல் எனக்கு ஏழு வயது. கோபி பக்கத்துக் கிராமத்திலிருந்து நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். படத்தில் கதாநாயகன் சின்ராசு ஒன்றுமில்லாமல் வீட்டை விட்டு வருவார், அப்புறம் 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டு வரும், பாட்டு முடிந்து கதை தொடரும்போது அவர் பஸ் முதலாளி, மனைவி நந்தினி கலெக்டர். இன்றைக்கு ஒரே பாட்டில் பணக்காரன் ஆவதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது, ஒரு கலெக்டர் கனவும் இருந்தது.

2011-இல் அப்பா கடன் போட்டு ஒரு லோடு ஆட்டோ வாங்கினார். 48 தவணை. மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போவார், திரும்பும்போது வாடகை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் டீசல் செலவு கையைக் கடிக்கும். மாதம் ஐந்தாம் தேதி தவணை. மழை பெய்தாலும் டயர் போனாலும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான்.

அதே சமயம் அக்கா சென்னையில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில்தான் அவளுடைய பகல் முழுவதும் போகும். அந்தத் தேர்வைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. முதல்நிலைத் தேர்வு, அப்புறம் ஒன்பது தாள் முதன்மைத் தேர்வு, அப்புறம் நேர்காணல் என்று ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். அத்தனையும் தாண்டி கடைசிப் பட்டியலில் பெயர் வராமல் போனால், அடுத்த முறை மறுபடி முதல்நிலைத் தேர்விலிருந்துதான். போன தடவை வாங்கிய மதிப்பெண் அதற்கு உதவாது. அக்கா ஒருமுறை நேர்காணல் வரை போய்வந்தாள். அடுத்த முறை முதல்நிலைத் தேர்விலேயே நின்றுவிட்டாள். போனில் அவள் அழுதபோது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "போச்சாது உடு கண்ணு. சாப்பிட்டயா?"

படத்தில் இந்த வருடங்களைத்தான் பாட்டு விழுங்கிவிடுகிறது. ஒரு சரணத்தில் உழைக்கிறார்கள், அடுத்து சிரிக்கிறார்கள். பார்க்கிற நமக்கு இவர்கள் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரியும், அதனால் அவர்கள் படும் கஷ்டம்கூட அழகாக இருக்கிறது. அக்காவுக்கு அது யாரும் சொல்லவில்லையே. விடுதி அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பின்னால் குரூப் 2 எழுதி அரசு வேலைக்குப் போனாள். நல்ல வேலை, நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அந்த வருடங்களை யாராவது வெட்டி ஒட்டி அவளுக்கு ஐந்து நிமிடமாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

'சூரியவம்சம்' எடுத்த விக்ரமனின் படங்களில் நல்லது நடக்கும்போதெல்லாம் இசையமைப்பாளர் எஸ்.ஏ. ராஜ்குமாரின் 'லாலாலா' பின்னால் எழும்பும். எனக்கு நிஜமாகவே வேண்டியது அதுதான். பணம் சீக்கிரம் வர வேண்டாம், இது ஜெயித்த நாள் என்று சொல்ல ஒரு இசை வந்தால் போதும்.

2015-இல் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புக்கில் இருந்த கடன் பதிவை, அதாவது ஹெச்.பி.யை, கேன்சல் செய்துகொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். நான் திண்ணையில்தான் இருந்தேன். வண்டி முழுக்க அவருடையது ஆன நாள் அது, நான்கு வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆர்.சி. புக்கைத் துண்டில் துடைத்து பீரோவில் வைத்தார். கை கால் கழுவிக்கொண்டு அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்: "மோர் இருக்குதா?"

அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ரேடியோகூட ஓடவில்லை.